சுவரைத் தாண்டிய கோடு

வாளையார் செக்போஸ்ட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த லாரி வரிசையை விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயமுத்தூரிலிருந்து மதுக்கரை, எட்டிமடை தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு காலத்தில் லாரிகள் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் நிற்கும். ராத்திரி வந்து சேர்ந்த வண்டி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நகராமல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். நின்ற இடத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஏதாவது கோளாறு கண்ணில் படும். கோளாறு கண்ணில் பட்டால் என் அப்பாவைத் தேடி வருவார்கள்.

அப்பாவின் பட்டறை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் ஒரு புளியமரம். டீசல் வேலை மட்டும்தான். நாசில் பார்ப்பது, பம்பு கழற்றுவது, ஏர் எடுப்பது, ஹெட் இறக்குவது. தமிழ் டிரைவர்கள் அவரை ‘மேஸ்திரி’ என்பார்கள். மலையாளத்து டிரைவர்களுக்கு ‘ஆசானே’. கேரளத்து மண்ணில் தமிழ் வழிப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசி வளர்ந்த எனக்கு இரண்டு கூப்பாடும் ஒரே ஆளுடைய பெயர்தான்.

2006 டிசம்பர், கிறிஸ்துமஸ் லீவு. நான் பத்தாவது. கணவாய்க் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வெள்ளிக் கலரில் தாழ்வான கார் ஒன்று நொண்டிக்கொண்டே வந்து புளியமரத்துக்குக் கீழே நின்றது. பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. கல்லில் உரசி டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட வழியில்லை. கொச்சிக்காரர் ஒருத்தர் ஓட்டி வந்திருந்தார். கோயமுத்தூருக்குப் போன் செய்து வண்டியை ஏற்றிப்போக ஆள் கேட்டுவிட்டு, அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தார். அது போர்ஷே 911 என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பா அனுமதி கேட்டு முன் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே கம்பளம் விரித்த குழி, அதில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். அப்பா பின்பக்கம் போனார். “வால்வோ பஸ்ஸு மாதிரி கண்ணு. பின்னாடி வெச்சுட்டான்” என்றார் என்னிடம். அந்த வருஷங்களில் பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் வால்வோ பஸ்கள்தான் பின்னால் இஞ்சின் வைத்து எங்கள் ரோட்டில் ஓடியவை.

அப்பா இஞ்சினைக் காதால் பார்க்கிறவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். எந்த நாசில் சரியாக அடிக்கவில்லை, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்படியே சொல்வார். அன்றைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. “சாரே, ஒரு பிராவசியம் ஸ்டார்ட் பண்ணுங்க” என்று கேட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையைப் பின் மூடியின் மேல் வைத்தார். கைரேகை முழுக்க கறுப்பேறிய கை. வைப்பதற்கு முன்னால் வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். கார்க்காரர் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சாவியைத் திருப்பினார். கண்ணாடி வழியாக நான் அந்த ஐந்து வட்ட மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பெரிதாக இருந்தது ஸ்பீடாமீட்டர் இல்லை, ஆர்.பி.எம். காட்டுகிற மீட்டர். முள் துள்ளி அடங்கியது. அப்பா கண்ணை மூடியிருந்தார். அரை நிமிஷம் இருக்கும்.

கையை எடுத்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் ஊர்க் கலப்பில் கேட்டார்: “சாரே, இத உண்டாக்குன கம்பெனி மொதலாளி ஏது வண்டியாக்கும் ஓட்டறது? இத்தன தினுசு பண்றானே, அவனுக்குன்னு புடிச்சது எது?”

கொச்சிக்காரர் யோசித்துவிட்டு, “அது எனிக்கறியில்லா ஆசானே” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் கேள்வி ஒட்டிக்கொண்டது. லீவு முடிவதற்குள் கஞ்சிக்கோட்டில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். பிற்பாடு கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தபோதும், பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ஒரு பொருளைச் செய்கிறவன் அதில் எதை விரும்புகிறான் என்று தெரிந்தால், அவன் நாளைக்கு எதைக் கைவிடுவான் என்றும் தெரிந்துவிடும்.

முதலாளி என்றால் முதலில் ஃபெரி போர்ஷே. தகப்பனார் ஃபெர்டினாண்ட் பெரிய வடிவமைப்பாளர். ஆனால் போர்ஷே என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது மகன்தான். 1948 ஜூன் 8ஆம் தேதி, ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற சின்ன ஊரில், போருக்குப் பிறகு ஒதுங்கியிருந்த பட்டறையிலிருந்து அந்த 356 நம்பர் 1 வண்டி ரோட்டில் ஓட அனுமதி பெற்றது. தான் கனவு கண்ட கார் எங்கேயும் கிடைக்காததால் தானே செய்துகொண்டதாக அவர் சொன்னது இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் அடிவாக்கு மாதிரி. கிடைக்காததைச் செய்துகொள்வது எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு அன்றாடம். மார்க்கெட்டில் வராத புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து போட்டு லாரியை அனுப்பிய ராத்திரிகள் எத்தனையோ.

அவர் ஓட்டிய வண்டிகளைத் தேடினேன். 1969இல் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கம்பெனி ஆட்கள் அவருக்கு 914 என்ற சின்ன காரின் உடம்பில் எட்டு சிலிண்டர் ரேஸ் இஞ்சினை அடக்கி, சாதுவாக்கி, வெள்ளிக் கலரில் பரிசாகக் கொடுத்தார்கள். அலங்காரத்துக்கு நிறுத்தி வைக்காமல் மனுஷர் அதை ஓட்டியிருக்கிறார். 1984இல் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வந்தது 928இன் நீட்டிய வடிவம், நான்கு பேர் தாராளமாக உட்காரும்படி.

இதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய அக்கா லூயிஸ் பீஷ். சால்ஸ்பர்கில் இருந்துகொண்டு ஆஸ்திரியாவில் குடும்பத் தொழிலை நடத்தியவர், ஓவியம் வரைகிறவர். 1974 ஆகஸ்டில் அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது குடும்பம் கொடுத்த பரிசு, முதல் 911 டர்போ. 2.7 லிட்டர், 240 குதிரைத்திறன், சீட்டில் சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணி. எழுபது வயதுப் பெண்மணிக்கு டர்போ! எங்கள் வீட்டில் அம்மாவை டி.வி.எஸ். 50 ஓட்ட விடவே நான்கு வருஷம் பேச வேண்டியிருந்தது. லூயிஸின் காரைப் பற்றிப் படித்த அன்று அதை அம்மாவுக்குச் சொன்னேன். “சீட்டுத் துணி என்ன கலருன்னு சொன்ன?” என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் பரிசு. பரிசாக வந்ததை வைத்து ஒருவருடைய பிரியத்தை அளக்க முடியாது. அப்பாவின் கேள்விக்கு இது பதிலாகப் படவில்லை.

கொஞ்சகாலம் டொயோட்டாவின் அகியோ டொயோடாவைப் பிடித்துக்கொண்டேன். ஸ்தாபகரின் பேரன். கம்பெனியின் தலைமைச் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே அவரிடம் நேருக்கு நேராக, ஓட்டத் தெரியாதவர் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று சொன்னாராம். பேரன் கோபப்படவில்லை. அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டார். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் மற்ற கம்பெனிகள் வரப்போகும் புது மாடல்களை மூடி மறைத்துச் சோதித்துக்கொண்டிருக்க, இவர் உற்பத்தி நின்றுபோன பழைய சுப்ராவை வைத்துப் பழகினார். 2007இல் ‘மொரிஸோ’ என்ற புனைபெயரில் அதே இடத்தில் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடினார். 2010 ஜூனில் நருசே அந்தப் பாதைக்குப் பக்கத்து ரோட்டில், சோதனை ஓட்டத்தின் போதே விபத்தில் இறந்துபோனார். 2019 ஜனவரியில் டெட்ராய்ட்டில் புது சுப்ராவை மேடையேற்றியபோது அகியோ அந்தப் பழைய சுப்ராவைத் தனக்கு நெடுநாள் நண்பன் மாதிரி என்றார். கையும் காலும் முதுகும் சொல்கிற பிரியம் அது. ஒரு வாத்தியாரும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தவர் வேறொருத்தர். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தவர். ஒரு டீசல்காரர்.

பீட்டர் ஷுட்ஸ். 1930இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி அவருடைய குடும்பம் முதலில் கியூபாவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனது. சிகாகோவில் வளர்ந்து இஞ்சினியர் ஆனார். வேலை பார்த்த இடங்களைக் கேளுங்கள்: கேட்டர்பில்லர், கம்மின்ஸ், அப்புறம் ஜெர்மனிக்கே திரும்பி டாய்ட்ஸ். மண்வெட்டும் யந்திரம், லாரி இஞ்சின், டிராக்டர். இந்தப் பட்டியலை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருச்செங்கோட்டிலிருந்து கேரளத்துக்குப் போர் போட வரும் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸரில் அவர் கம்மின்ஸ் இஞ்சினைப் பிரித்து மாட்டியிருக்கிறார். “நம்மாளு” என்றார்.

1981 ஜனவரியில் ஷுட்ஸ் போர்ஷேயின் தலைவராக வந்தபோது கம்பெனி நஷ்டத்தில் இருந்தது. அதற்கு முன்னால் தலைமையில் இருந்தவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன், அசாத்தியமான இஞ்சினியர். நான்கு கேம்ஷாஃப்ட் ரேஸ் இஞ்சினை வடிவமைத்தவர். 911 டர்போ அவர் காலத்தில்தான் வந்தது. ஆனால் 911க்கு வயதாகிவிட்டது என்பது அவர் முடிவு. பின்னால் இஞ்சின், காற்றில் குளிர்கிற ஆறு சிலிண்டர், 1960களின் தொடக்கத்து ஏற்பாடு. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடும் சத்தக் கட்டுப்பாடும் இறுகிக்கொண்டே வந்தன. அவர் நம்பியது 928ஐ. முன்னால் தண்ணீரில் குளிரும் வி8, 1977இல் ஜெனீவாவில் அறிமுகம், 1978இன் ஐரோப்பியக் கார் விருது. இன்றைக்கு ஃபூர்மனைக் குறை சொல்லி எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தால் யாரும் அவர் முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். 928 நல்ல வண்டி. 1995 வரைக்கும் ஓடி, 61 ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு நின்றது.

இனி அந்தச் சம்பவம். ஷுட்ஸே பின்னாளில் பல தடவை சொன்னது. சேர்ந்து மூன்றாவது வாரம். இஞ்சினியரிங் தலைவர் ஹெல்முத் போட்டின் அறைக்குப் போகிறார். சுவரில் ஒரு அட்டவணை. எந்த மாடல் எந்த வருஷம் வரைக்கும் என்று கோடுகள். 944இன் கோடும் 928இன் கோடும் வருங்காலத்துக்குள் நீண்டு போகின்றன. 911இன் கோடு 1981 முடிவில் நிற்கிறது. வந்த நாளிலிருந்து ஷுட்ஸ் ஒன்றைக் கவனித்திருந்தார்: கம்பெனியில் யார் முகத்திலும் களை இல்லை. காரணம் கேட்டால் 911 போகப்போகிறது என்கிறார்கள். அவர் மேசையில் கிடந்த கறுப்பு மார்க்கரை எடுத்தார். 911இன் கோட்டை அட்டவணையின் ஓரம் வரைக்கும் இழுத்தார். காகிதம் முடிந்ததும் நிற்கவில்லை. சுவரில் இழுத்தார். சுவரைத் தாண்டி, கதவைத் தாண்டி வெளியே வரைக்கும் கொண்டுபோனார். திரும்பி வந்து பார்த்தால் போட் முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தாராம். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

இதை நான் படித்தது என் வேலையில் சேர்ந்த பிறகு. என் வேலையே கோடு போடுவதுதான். பம்ப் கம்பெனியில் பிளானிங்கில் இருக்கிறேன். எந்த மாடல் எந்த மாசம் எத்தனை, எது எப்போது நிற்கும் என்று எக்ஸெலில் பட்டைகள் இழுப்பேன். ஒரு பட்டையைச் சுருக்க மவுஸை இரண்டு அங்குலம் நகர்த்தினால் போதும். அந்த இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை எனக்குச் சொன்னது ஷுட்ஸின் அந்த மார்க்கர்தான்.

ஷுட்ஸுக்கு 911 சொந்தமாகப் பிடித்ததா என்று கேட்டால், அவர் அதை முதலில் மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்தார். அகியோவைப் போல் முதுகால் அறிந்தவர் இல்லை. ஃபெரியைப் போல் பிறப்பால் அறிந்தவரும் இல்லை. செய்கிறவர்களுக்கு எது உயிர் என்று பார்த்து, அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். மேலிடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இருக்கக்கூடிய பிரியங்களிலேயே உயர்ந்தது இதுதான் என்பது என் தீர்மானம். சொந்த ருசியை வைத்து மாடலைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. மூன்று வார வேலையில், நஷ்டக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேறு மாதிரி நெஞ்சு வேண்டும்.

அதே வருஷம் ரேஸ் பிரிவை உட்கார வைத்து, இந்த வருஷத்தில் முக்கியமான பந்தயம் எது என்று கேட்டார். பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமான லெ மான் என்றார்கள். ஜெயிப்போமா என்றார். முழு வெற்றிக்கு வாய்ப்பில்லை, நம்மிடம் அதற்கேற்ற கார் இல்லை என்றார்கள். நான் இருக்கிற வரைக்கும் ஜெயிக்கிற எண்ணம் இல்லாமல் போர்ஷே பந்தயத்துக்குப் போகாது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். பிறகு ஆட்களே வழி கண்டுபிடித்தார்கள். மியூசியத்துக்குப் போயிருந்த 936 என்ற பழைய ரேஸ் கார்களை இறக்கி, கைவிட்டுப்போன அமெரிக்க இண்டி பந்தயத் திட்டத்துக்காகச் செய்த இஞ்சினை அதில் மாட்டினார்கள். 1981 ஜூனில் ஜாக்கி இக்ஸும் டெரிக் பெல்லும் அந்தக் காரில் லெ மான் ஜெயித்தார்கள். பரணில் கிடந்த பழைய உடம்பு, வேறெதற்கோ செய்த இஞ்சின். அப்பாவுக்கு இந்தக் கதைதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஓரமாகக் கிடந்த சேஸிஸில் வேற வண்டி இஞ்சினை ஏற்றி ஓட விட்டது அவர் வாழ்க்கையிலும் உண்டு.

1982 கடைசியில் 911 கேப்ரியோலே உற்பத்திக்கு வந்தது. 356க்குப் பிறகு முழுக்கத் திறக்கிற முதல் போர்ஷே. விற்பனை 1980-81இல் 28 ஆயிரமாக இருந்தது, 1986இல் 53 ஆயிரம்.

எல்லாம் ஏறுமுகம்தான் என்று முடித்தால் பொய்யாகும். ஷுட்ஸ் விமானம் ஓட்டுகிறவர். அவருடைய சொந்தப் பிரியம் என்று உண்மையிலேயே ஒன்று இருந்தால் அது ஆகாயம். 911இன் இஞ்சினையே மாற்றியமைத்து விமானத்துக்கு வைக்கும் திட்டத்தை அவர் காலத்தில் நடத்தினார்கள். மூனி என்ற அமெரிக்க விமானத்தில் அது ஏறியது. நாற்பது சொச்சம் விமானங்களோடு நின்றுபோனது. 1987இல் டாலர் சரிந்தது, அமெரிக்காவை நம்பியிருந்த விற்பனை விழுந்தது, அந்த வருஷக் கடைசியில் அவர் பதவியை விட்டுப் போனார். அவர் மனசுக்குப் பிடித்த ஆகாயம் கைகொடுக்கவில்லை. ஆட்களின் மனசுக்குப் பிடித்த கார் இன்றைக்கும் ஓடுகிறது. இதை யோசித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

2017 எனக்கு மறக்காத வருஷம். மே 11ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் பத்து லட்சமாவது 911 வெளியே வந்தது, ஐரிஷ் பச்சை நிறத்தில். ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வாளையாரில் வரிக்காக லாரியை நிறுத்துவது நின்றது. பேப்பர்காரர்கள் வந்து காலியான ரோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். டிரைவர்களுக்கு அது பெரிய விடுதலை. அப்பாவே முதல் வாரம் அதைத்தான் சொன்னார்: “பாவம் கண்ணு, பொண்டாட்டி புள்ளைகளப் பாக்கறக்கு ஒரு நாள் முன்னாடி போவானுங்க.” பட்டறைக்கு மட்டும் ஆள் வரவில்லை. நின்றால்தானே கோளாறு கண்ணில் படும்? ஆகஸ்டில் இரண்டு கைஆட்களும் கோயமுத்தூருக்கு வேலை தேடிப் போனார்கள். செப்டம்பரில் அப்பா தினமும் காலையில் பட்டறையைத் திறந்து, பெருக்கி, ஸ்பேனர்களை அளவு வாரியாகத் துணி மேல் அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அக்டோபர் 29ஆம் தேதி ஷுட்ஸ் காலமானார், 87 வயதில். செய்தியை நவம்பர் முதல் வாரம் படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பட்டறைக் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கோட்டுக் கதையை முழுசாகச் சொன்னேன். பட்டறையின் உள்சுவர் முழுக்க அப்பாவின் கணக்கு. கரிக்கட்டியால் எழுதிய வண்டி நம்பர்கள், பாக்கித் தொகைகள், ஆணியால் கீறிய போன் நம்பர்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அப்பா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கோடு போட்ட பொறவு அந்தப் பட்டறை ஆளு சிரிச்சாருன்னு சொன்னியே, அவுரு பேரு என்ன?”

“போட்டுங்கப்பா. ஹெல்முத் போட்.”

“போட்டு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோடு போட்டவர் பெயரை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

நான் அவருடைய பழைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டேன். இத்தனை வருஷம் இத்தனை வண்டி பார்த்தீர்களே, உங்களுக்குப் பிடித்தது எது? யோசிக்கவே இல்லை. லேலண்ட் காமெட் என்றார். பாலக்காட்டில் அவருடைய ஆசானிடம் வேலை பழகிய காலத்தில், பத்தொன்பது வயதில், முதன்முதலாக யாரும் கூட நிற்காமல் தனியாக ஹெட் இறக்கி, லைனர் மாற்றி, மறுபடி மாட்டிய இஞ்சின். கே.எல்.பி. என்று தொடங்குகிற அதன் நம்பரை முழுசாகச் சொன்னார். முதல் செல்ஃபிலேயே பிடித்ததாம். ஆசான் ஒரு வார்த்தை பேசாமல், தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாராம். “அந்த வண்டி நல்ல வண்டியா இருந்துதான்னு கேக்காதே. ஸ்டியரிங்கு திருப்பறக்கு ரெண்டாளு வேணும்” என்றார்.

இப்போது பட்டறை டிராக்டரும் பம்புசெட்டும் ஜெனரேட்டருமாக ஓடுகிறது. சித்தூர்ப் பக்கத்து நெல்வயல்காரர்கள் வருகிறார்கள். ஒரு ஆள் வேலை இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 2019இல் எங்கள் கம்பெனியில் மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த பழைய மோனோபிளாக் மாடல் ஒன்றின் பட்டையை மார்ச்சோடு நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. கணக்கு சரியாகவே இருந்தது. விற்பனை இறங்கிவிட்டது, மின்சாரமும் அதிகம் இழுக்கும். மவுஸை நகர்த்துவதற்கு முன்னால் அசெம்பிளிக்கு இறங்கிப் போனேன். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் காரணமே இல்லாமல் நான் அங்கே போனது அன்றுதான். அந்த மாடலையே இருபது வருஷமாக மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருத்தர், இம்பெல்லரைத் தண்டில் ஏற்றிவிட்டு, ஒரு விரலால் சுண்டிச் சுற்றவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். உரசாமல் சுற்றி, மெதுவாகி, நின்றது. அதற்குப் பிறகுதான் மூடியைப் போட்டார். அப்படிப் பார்ப்பது எந்தத் தாளிலும் எழுதின வேலை இல்லை.

கோட்டைச் சுவர் வரைக்கும் இழுக்கிற இடத்தில் நான் இல்லை. ஆனால் மூன்று கூட்டங்களில் பேசினேன். பம்ப் நின்றது. உதிரிபாகம் நிற்கவில்லை. அந்த மாடல் போட்ட கிணறுகள் ஆனைமலை முதல் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பத்து வருஷத்துக்காவது பாகம் கொடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டார்கள். விறகு விலைக்குப் போகவிருந்த, வார்ப்பு அச்சு எடுக்கிற மரப் பேட்டர்ன்களை ஃபவுண்டரி ரேக்கில் வைக்க இடம் கிடைத்தது. என் எக்ஸெலில் அந்தப் பட்டை இப்போதும் இருக்கிறது, மெல்லிசாக, வேறு நிறத்தில்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“தேக்கா, வேற மரமா?” என்றார்.

“தேக்குதானுங்கப்பா.”

“ரேக்குக்கு மேல கூரை ஒழுகுதான்னு பாத்தியா? தண்ணி பட்டா தேக்கும் வளைஞ்சுக்கும். வளைஞ்சுட்டா அதுல வார்க்கறது எதுவும் பொருந்தாது.”

பார்க்கவில்லை. மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். இடது மூலையில் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்று இருந்தது. நான்கு பேராகச் சேர்ந்து ரேக்கை உள்ளே தள்ளி வைத்தோம்.